பந்தை விட்ட பிறகு

(யூபிலி விழாவையொட்டி நடந்த பங்கு இளைஞர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பேசத் தெரியாதவனை மேடையில் ஏற்றிவிட்டார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் விசில் ஊதிப் பிழைத்தவன் நான். விசில் கையில் இருந்தால் நாற்பது பையன்களை ஓட வைப்பேன். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கே ஓடிவிடலாம் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து வாசற்படியில் நின்றிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் மகனையும் இழுத்துக்கொண்டு வந்தார். "சார், இவன் எந்நேரமும் பந்து பந்துன்னு திரியறான். பந்தை ஒதைச்சா நாளைக்குச் சோறு போடுமா? நீங்களே சொல்லுங்க" என்றார். பையன் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ மழுப்பி, "பார்ப்போம் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கு நான் பேசப் போவதெல்லாம் அந்த அம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான்.

தூக்கம் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இளைஞர்களே, நீங்கள் மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் கைபேசியில் பார்க்கிறீர்கள். பீட்டர் தங்கராஜ் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். மூன்று கைகள். அதில் ஒன்று கோயில் பிள்ளையுடையது. அவருக்கு என்னைவிட வயது அதிகம், ஆகவே கணக்கில் சேராது.

தங்கராஜ் 1935இல் ஐதராபாத்தில் பிறந்தவர். பெயரைக் கேட்டாலே நம்மவர் என்று தெரிகிறது. 1953இல் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு வந்தார். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்த வழியில்தான் அவரும் போனார். முதலில் அவர் ஆடியது சென்டர் பார்வர்டாக. கோல் போட வேண்டியவர். பிறகுதான் கோல் கீப்பராக மாறினார். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கை. அவர் கோலில் நின்றால் வலை சுருங்கிவிட்டது போல எதிரணிக்குத் தோன்றுமாம்.

மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தபோது தங்கராஜ் அணியில் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். அந்த ஆட்டத்தில் இந்தியா பிரான்சு நாட்டோடு 1-1 என்று சமன் செய்தது. இன்றைக்கு யாராவது பிரான்சோடு சமன் செய்வோம் என்றால் சிரிப்பீர்கள். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நான் சொல்ல ஆசைப்படுவது 1962 ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காத விவகாரத்தில் இந்தியப் பிரதிநிதி ஒருவர் பேசிய பேச்சால் அந்த ஊரே நம் ஆட்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், இந்தியர் காலில் பந்து பட்டாலே கூச்சல். நமக்காகக் கை தட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்! இறுதி ஆட்டம் தென் கொரியாவோடு. அதே கொரியாவிடம் முதல் ஆட்டத்தில் 2-0 என்று நாம் தோற்றிருந்தோம். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கை, தற்காப்பு ஆட்டக்காரரை, முன்வரிசையில் ஆட வைத்தார் பயிற்சியாளர் ரகீம். அவரும் ஒரு கோல் போட்டார், பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். 2-1 என்று தங்கம் வந்தது. அன்றைக்குக் கோலில் நின்றவர் தங்கராஜ்.

அந்த ரகீம் ஒரு பள்ளி ஆசிரியர். (ஆசிரியர்களுக்காக இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன்.) ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர், ஐதராபாத் நகரக் காவல்துறை அணியை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வெல்ல வைத்தவர். ஜகார்த்தாவில் நின்றபோதே புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூனில் இறந்துபோனார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2024இல், அவரைப் பற்றி இந்தியில் ஒரு திரைப்படம் வந்தது. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். என்னைத் தவிர யாரும் அழவில்லை.

தங்கராஜ் கல்கத்தாவுக்குப் போய் முகமதன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய சங்கங்களுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். சரி, பிறகு? 1971 வாக்கில் ஆட்டத்தை நிறுத்தினார். முப்பத்தாறு வயது. நம்மூரில் முப்பத்தாறு வயதுக்காரனுக்குப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும். முன்னால் இன்னும் பாதி வாழ்க்கை கிடக்கும்.

அந்தத் தாய் கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. பந்து இருக்கிறவரை சோறு போடும். பந்தை விட்ட பிறகு?

தங்கராஜ் பயிற்சியாளர் ஆனார். கடைசியில் பொகாரோ இரும்பாலை நகரத்தில் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தபடி வாழ்ந்து, 2008 நவம்பரில் அங்கேயே கண்ணை மூடினார். ரோம் ஒலிம்பிக் அணியில் அவரோடு இருந்த தமிழ்நாட்டவர் சைமன் சுந்தர்ராஜும் அப்படித்தான். அவர் பயிற்சியாளராக இருந்தபோதுதான் 1973இல் கேரளம் முதல் முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. எர்ணாகுளத்தில் இறுதி ஆட்டம், இரயில்வே அணியை 3-2 என்று வென்றார்கள், மூன்று கோலும் கேப்டன் மணி போட்டது. மலையாளிகள் இன்றும் மணியைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழரை நாம்தான் மறந்தோம். பிற்காலத்தில் 1997-98 தேசிய லீக்கில் எப்.சி. கொச்சின் அணிக்காக ஆடி, அந்த ஆண்டின் அதிக கோல் போட்ட ராமன் விஜயனும் நம் மாநிலத்தவர். அவரும் பயிற்சியாளர் பணிக்குத்தான் வந்தார்.

ஆக, ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சி ஒன்றுதான் வழியா என்று கேட்டால், இல்லை. அதற்கு ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மி ஹில் என்று பெயர். 1928இல் இலண்டனில் பிறந்தவர். தாடை நீளமாக இருக்கும், அதில் ஒரு தாடி வேறு. ஆட்டக்காரராக அவர் நடுத்தரம்தான். பிரெண்ட்போர்டிலும் புல்ஹாமிலும் ஆடினார், இங்கிலாந்து அணிக்கு ஒரு நாளும் தேர்வாகவில்லை. அதனால்தான் அவரை நான் தேர்ந்தெடுத்தேன். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடுத்தரம்தான் ஆடுவார்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று விதி. அரங்கில் அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள், ஆடுகிறவனுக்குத் தொழிற்சாலைக் கூலி போலத்தான். ஹில் 1957இல் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்துக்குத் தலைவரானார். வேலை நிறுத்தம் என்று மிரட்டி, பேசிப் பேசி, 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பை உடைத்தார். உடனே அவருடைய சக ஆட்டக்காரர் ஜானி ஹேன்ஸ் வாரத்துக்கு 100 பவுண்டு வாங்கினார். ஹில்லுக்கு என்ன கிடைத்தது? முழங்கால் போய்விட்டது. அந்த ஆண்டே ஆட்டம் முடிந்தது.

1961 நவம்பரில் கோவென்ட்ரி சங்கம் அவரை மேலாளராக அழைத்தது. அப்போது அது மூன்றாம் பிரிவில் கிடந்த அணி. உடுப்பை வான நீலமாக்கினார், அணிக்குப் பாட்டு உண்டாக்கினார், வெளியூர் ஆட்டத்துக்கு ரசிகர்களை ஏற்றிப்போகத் தனி இரயில் விட்டார், ஆட்டத்துக்கு முன்பே பிள்ளைகள் அரங்குக்கு வரும்படி செய்தார். ஆறே ஆண்டுகளில், 1967இல், அணி முதல் பிரிவுக்கு ஏறியது. ஏறியவுடன் அவர் விலகினார்! தொலைக்காட்சிக்குப் போனார். 1970 உலகக் கோப்பையின்போது ஆட்டக்காரர்களையும் மேலாளர்களையும் வட்டமாக உட்கார வைத்து விவாதிக்கச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். இன்றைக்கு எந்த ஆட்டத்துக்கும் முன்னும் பின்னும் நான்கு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறார்களே, அந்த வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1973 முதல் பி.பி.சி.யில் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியை நடத்தினார்.

1972இல் ஆர்சனல்-லிவர்பூல் ஆட்டம். கோட்டு நடுவர் ஒருவருக்குக் காலில் அடி. வேறு ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். நடுவர் தகுதி பெற்றவர் யாராவது அரங்கில் உண்டா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அரங்கில் இருந்த ஹில் எழுந்து போய் உடுப்பு மாற்றிக்கொண்டு கொடியைப் பிடித்தார். நடுவர் தகுதி பெற்று வைத்திருந்தது அன்று பயன்பட்டது. நம் இளைஞர்களில் மாவட்ட நடுவர் தேர்வு எழுதியவர் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லமாட்டேன்.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. 1977இல் அவர் மீண்டும் கோவென்ட்ரி நிர்வாகத்தில் இருந்தார். பருவத்தின் கடைசி நாள். கோவென்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி, சண்டர்லாண்டு மூன்றில் ஒன்று கீழிறங்க வேண்டும். கூட்ட நெரிசலால் கோவென்ட்ரி-பிரிஸ்டல் ஆட்டம் சில நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. 2-2 என்று இருக்கும்போது வேறிடத்தில் ஆடிய சண்டர்லாண்டு தோற்றுவிட்ட செய்தி வந்தது. அதை உடனே அரங்கப் பலகையில் காட்டச் சொன்னார் ஹில். இரண்டு அணியும் புரிந்துகொண்டன. மிச்ச நேரம் முழுக்கப் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் தப்பினார்கள், சண்டர்லாண்டு இறங்கியது. கண்டனம் வந்தது, ஆனால் முடிவு மாறவில்லை. சண்டர்லாண்டு மக்கள் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. 1982இல், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குத் தடையை மீறி ஓர் அணியைக் கூட்டிக்கொண்டு போனார். அதுவும் பெரும் பிழை. அமெரிக்காவில் ஓர் அணியில் சங்கத்தின் பணத்தைப் போட்டு நட்டப்பட்டார். அதே மனிதர்தான், வெற்றிக்கு இரண்டு புள்ளி என்று இருந்ததை மூன்று புள்ளி ஆக்க வேண்டும் என்று வாதாடி, 1981இல் இங்கிலாந்தில் நடைமுறைக்குக் கொண்டு வந்தார். பின்னால் உலகமே அதை ஏற்றது. 1987இல் தான் ஆடிய பழைய புல்ஹாம் சங்கம் இன்னொரு சங்கத்தோடு இணைந்து காணாமற்போக இருந்தபோது, தலைமை ஏற்று அதைக் காப்பாற்றினார். கடைசி ஆண்டுகளில் மறதி நோய். 2015 டிசம்பரில், 87 வயதில் இறந்தார்.

ஆடுவது, பேசுவது, நடத்துவது என்ற மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்தன. இதில் நடத்துவதுதான் நம் நாட்டில் பெரிய பஞ்சம். 1996-97இல் முதல் தேசிய லீக்கை வென்றது பஞ்சாபின் ஜே.சி.டி. அணி. 2011இல் அதைக் கலைத்துவிட்டார்கள். 2005-06இல் வென்ற மகிந்திரா யுனைடெட் 2010இல் கலைந்தது. கோப்பை அலமாரியில் இருக்கிறது, அணி இல்லை. 2022இல்தான் முதல் முறையாக ஒரு முன்னாள் ஆட்டக்காரர், கோல் கீப்பர் கல்யாண் சௌபே, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவரானார். நன்றாக நடத்துகிறாரா என்பதைப் பற்றி வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுங்கள், இங்கே வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன். நானும் ஆடியவன்தான். தோல் பந்து, உள்ளே பிளாடர், வெளியே நாடா போட்டுக் கட்டியிருக்கும். மழையில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும். நாடா பக்கம் நெற்றியில் பட்டால் இரண்டு நாளுக்குக் கோடு இருக்கும். ஏரி வற்றினால் ஏரிக்குள் ஆட்டம், அறுவடை முடிந்தால் கதிரடிக்கும் களத்தில் ஆட்டம். இராஜகிரி அடிவாரம் வரை ஓடிவிட்டு வருவதுதான் எங்களுக்குப் பயிற்சி. இப்போது கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை 2025இல் கிடைத்திருக்கிறது. எங்கள் காலத்தில் எங்களுக்கு அது ஓடுவதற்கு ஒரு மலை. ஒரு சங்கத்துக்கு ஆடப் போனேன். பெயர் வேண்டாம். பேருந்துக் கட்டணம் தருவோம், வேலை வாங்கித் தருவோம் என்றார்கள். இரண்டு பருவம் கழித்து முழங்கால் திருகியது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தது என் தாய்மாமன் மட்டும். எனக்குப் படிப்பு இருந்தது, உடற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது, பிழைத்தேன்.

அந்தப் பயம் எனக்குள் தங்கிவிட்டது. தூக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பையன் இருந்தான். இடது கால் ஆட்டக்காரன். அவ்வளவு சுத்தமான இடது காலை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பு. அவன் அப்பா வந்து கேட்டார், இந்த அம்மா கேட்ட அதே கேள்வி. நான் என் முழங்காலை நினைத்துக்கொண்டு, "பந்தை நிறுத்துங்க, படிக்கட்டும்" என்றேன். பையன் பந்தை நிறுத்தினான். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினான். அவன் பள்ளிக்கு வந்ததே பந்துக்காகத்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்று பெங்களூரில் கட்டட வேலை. திருவிழாவுக்கு வருவான், "சார்" என்று கையைப் பிடித்துக்கொள்வான், ஒன்றும் சொல்லமாட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆகவே அம்மா, இப்போது சொல்கிறேன். பந்து மட்டும் சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன். நூற்றில் ஒருவனுக்குத்தான் போடும், அந்த ஒருவனுக்கும் முப்பத்தைந்து வயது வரைதான். ஆனால் பந்தைச் சுற்றி வேலைகள் இருக்கின்றன. பட்டாளம், காவல்துறை, இரயில்வே, மின்வாரியம் எல்லாவற்றிலும் விளையாட்டுக்காரருக்கு இடம் கொடுத்த வரலாறு உண்டு. நமக்குப் பக்கத்துக் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது. சகோதரிகளே, உங்கள் பள்ளிப் பெண்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்கிறேன். இன்று மைக்கில் கேட்டுவிட்டேன், இனித் தப்ப முடியாது.

பேசுவதும் ஒரு வேலைதான். எங்கள் காலத்தில் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து சேப்பாக்கம் கிரிக்கெட்டுக்கு அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்போம். பார்க்காத ஆட்டம் கண்ணுக்குள் ஓடும். போன வாரம் யூபிலிப் பந்தயத்தில் நீங்களே பார்த்தீர்கள். காலில் குறை உள்ள தம்பி ஒருவன் மைக்கைப் பிடித்தான். "பந்து கோயில் பக்கம் போகிறது, பாவம், ஜெபிக்கப் போகிறது போலும்" என்றானே, சாமியாரே சிரித்தார். அவன் இதுவரை ஒரு நாளும் திடலுக்குள் வந்ததில்லை. நான்தான் அழைத்ததில்லை.

நடத்துவதற்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இளைஞர் மன்றத்தின் பந்துக் கணக்கு. இதுவரை யார் பணம் கொடுத்தார், பந்து எவ்வளவுக்கு வாங்கினோம், கோடு போடச் சுண்ணாம்பு எத்தனை மூட்டை, எதற்கும் கணக்கு இல்லை. போன ஆண்டு வலை காணாமற்போனது. யாரோ வீட்டில் கொடிப் பந்தலுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. வலையைத் திருப்பிக் கொடுத்தால் பெயர் கேட்கமாட்டேன். அந்த நோட்டை இந்தப் பையனிடம்தான் கொடுக்கப் போகிறேன். வாரக் கடைசியில் கூட்டிக் கழித்து என்னிடம் காட்ட வேண்டும். கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண்ணும் எனக்குத் தெரியும்.

அந்தத் தாய் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இங்கிருந்து தெரிகிறது. அம்மா, வரும் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குத் திடலுக்கு அனுப்புங்கள். ஆறரைக்கு வீட்டில் இருப்பான், அது என் பொறுப்பு. அவனுடைய தேர்வு அட்டவணையையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.